பெயர்ப் பொருத்தம்

துலூத் நீதிமன்றத்தின் முதல் மாடியில்
சுவரைப் பார்த்தபடி மூன்று கணினிகள்.
நடுவிலிருப்பதில் ஒரு விசை ஒட்டிக்கொள்ளும்.
ஹீட்டர் அதன் காலடியில்தான் இருக்கிறது என்பதால்
நான் எப்போதும் நடுவில்.

பெயர்ப் பொருத்தம் பார்ப்பது என் பிழைப்பு.
ஜாதகம் கிடையாது.
பெயர், பிறந்த தேதி,
இந்த வட்டாரத்தில் வழக்கு உண்டா, இல்லையா.
தலைக்கு நான்கு டாலர்.
வேலை கேட்பவர் முகம் தெரியாது,
கொடுப்பவர் முகமும் தெரியாது.
இருவருக்கும் நடுவே ஒரு கம்பெனி,
அதற்கும் எனக்கும் நடுவே இன்னொன்று.

ஜனவரி, செவ்வாய்க்கிழமை.
ஏரி உறைந்து கப்பல்கள் நின்றுபோயிருந்தன.
பட்டியலில் அறுபத்திரண்டு பேர்.
நாற்பத்தோராவது, டெனீன் ஹால்வர்சென்.
திரையில் எழுந்தது டெனீன் ஹால்வர்சன்.
செல்லாத காசோலை, இருநூற்றுப் பத்து டாலர்,
குற்றம் உறுதி.
பிறந்த ஆண்டு அதே. மாதம் அதே.
தேதியைப் பார்த்தேனா?
பார்த்ததாகத்தான்
கட்டத்தில் டிக் இருக்கிறது.

பிப்ரவரியில் அந்தப் பெண் வந்தாள்.
பூட்ஸில் உப்பும் சேறும்.
குமாஸ்தா வெய்னோ பெயர் கேட்டதும்
"கடைசியில் சென். சன் இல்லை" என்றாள்,
ஆயுள் முழுக்கச் சொல்லிச் சலித்த குரலில்.
ஒரு கொம்பு.
அந்த ஒரு கொம்பு என் முதுகில் குத்தியது.

ஒன்பது பனிக்காலம் பனிவாரி லாரி ஓட்டியவளாம்.
இப்போது பள்ளிப் பேருந்துக்கு மனுப் போட்டிருக்கிறாள்.
"தங்களை நியமிக்காதிருக்க உத்தேசித்துள்ளோம்."
நான்காய் மடித்த கடிதத்தை
வெய்னோவிடம் வாசித்துக் காட்டினாள்.
"நான் காசோலையே வைத்துக்கொள்வதில்லை."

நான் திரும்பினேன். ஏன் திரும்பினேனோ.

உத்தேசம்தான், முடிவில்லை என்றேன்.
கூடவே அறிக்கையின் நகல் வந்திருக்க வேண்டும், பாருங்கள்.
கம்பெனியின் பெயர் அதில் இருக்கும்.
தப்பு என்று எழுத்தில் கொடுங்கள், போனில் கத்தாதீர்கள்.
முப்பது நாளைக்குள் திரும்பப் பார்த்தாக வேண்டும் அவர்கள்.
பேருந்துக்காரரிடம் இன்றே சொல்லுங்கள்,
இடத்தை நிரப்ப வேண்டாமென்று.
கேட்பார்களா தெரியாது. சொல்லிவையுங்கள்.
வெய்னோ, அந்த வழக்கில் இருக்கும் பிறந்த தேதி
இவருடையதில்லை என்று தெரிகிற மாதிரி
முத்திரை போட்ட நகல் ஒன்று கொடு.

உறையின் முதுகில் எழுதிக்கொண்டாள்,
என் பேனாவை வாங்கி.

இன்னொன்று. அடுத்த முறை
சம்மதத் தாளில் கையெழுத்திடும் முன்
உங்கள் பெயரில் யார் யார் திரிகிறார்கள் என்று
நீங்களே வந்து பாருங்கள்.
இந்தத் திரை எல்லோருக்கும் பொது. காசில்லை.
நடுப்பெயரை முதல் எழுத்தோடு விடாதீர்கள்,
முழுசாக எழுதுங்கள்.

"வக்கீலா நீங்கள்?"
இல்லை.
"பின்னே எப்படி இதெல்லாம்?"
அடிக்கடி இங்கே வருவேன் என்றேன்.
பொய்யில்லை அது.
கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தாள்.
அதற்கு மட்டும்
நான் தயாராக இருக்கவில்லை.

வெய்னோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனுக்குத் தெரியும்.
முத்திரையை ஒரு முறைக்கு இரு முறை அழுத்தினான்.

மார்ச் இரண்டாம் வாரம்
பட்டியலில் ஒரே ஒரு பெயர்.
டெனீன் ஹால்வர்சென். மறுபரிசீலனை. அவசரம்.
இடது ஓரக் கணினியில் உட்கார்ந்தேன், கால் விறைக்க.
தேதியை வாய்விட்டுப் படித்தேன்.
இவள் ஒன்பது. அவள் பத்தொன்பது.
"பொருத்தம் இல்லை" என்று அனுப்பினேன்.
என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவசரத்துக்கு ஆறு டாலர்.
ஒரே பெயருக்கு, தப்பாய்ப் பார்க்க நான்கு,
சரியாய்ப் பார்க்க ஆறு.
பத்து டாலர் கணக்கில் ஏறியது.

மாலை, மலைச்சரிவில்
ஒரு மஞ்சள் பேருந்து சிவப்புப் பலகையை நீட்டி நின்றது.
பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம்.
பிள்ளைகள் இறங்கினார்கள், ஒருத்தி தொப்பியைத் தவறவிட்டாள்.
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன்.
ஓட்டியது தாடி வைத்த ஓர் ஆள்.
இந்த ஊரில் எத்தனையோ பேருந்துகள் என்று
சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.