பழவந்தாங்கல் தாண்டி

கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.
விட்டால் வண்டி தானாக நின்றுவிடும்.
ஓட்டுகிறவன் செத்துப்போனாலும்
பின்னால் இருக்கிற ஆயிரம் பேர் பிழைக்கட்டும் என்று
எவனோ யோசித்துச் செய்த ஏற்பாடு.
குறுக்கே வருகிறவனைப் பற்றி
அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

காலை ஏழு பத்து, பீச் லோக்கல்.
அந்தப் பக்கத்து வண்டியைப் பிடிக்க
இறங்கி ஓடினான்.
ஹாரன் அடித்தேன். அவசர பிரேக்.
அவசரத்துக்கும் முந்நூறு மீட்டர் வேண்டும்.

விசாரணையில் எல்லாம் கேட்டார்கள்.
வேகம் எவ்வளவு, ஹாரன் எத்தனை முறை,
சிக்னல் என்ன நிறம்.
என் மேல் தவறில்லை என்று எழுதி
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.
டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை தந்தார்.
மைத்துனன் திருநள்ளாறுக்கு டிக்கெட் போட்டான்.
நல்லவர்கள்தான் எல்லோரும்.

அவன் கையில் ஹெல்மெட் இருந்தது.
பைக்கை ஸ்டாண்டில் விட்டவன்
யாராவது எடுத்துவிடுவார்களோ என்று
கையோடு கொண்டுவந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு
இந்த ஊரில் ஹெல்மெட் இல்லாத தெரு கிடையாது.
கத்திப்பாராவில், கிண்டி சிக்னலில்,
பழக்கடை மேல், பெட்ரோல் டாங்க் மேல்,
கல்யாண மண்டப வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில்.
மகன் ஆணியில் மாட்டியதை
எடுத்துப் பரணில் போட்டேன்.
'ஃபைன் போடுவாங்கப்பா' என்றான்.
குக்கர் விசில் அடித்தது.
நான் எழுந்து நின்றிருந்தேன்.

எட்டு மாதம் போனது.
தாம்பரம் லாபியில்
மூச்சை ஊதிக் காட்டிவிட்டுத் திரும்பும்போது
தணிகாசலம் சொன்னார்:
'புதன்கிழமை ட்யூட்டி முடிஞ்சா கடைக்கு வாய்யா.
சானடோரியம் பக்கம், பெஞ்சு போட்ட கடை.'
எதற்கு என்று சொல்லவில்லை.

தணிகாசலம், ஹயாத் பாஷா, சுகந்தகுமாரி.
ஓரத்தில் ஜெபசிங், பன்னை டீயில் நனைத்துக்கொண்டு.
ஒரு மணிநேரம்
ரோஸ்டர், பென்ஷன், ஹயாத் பாஷாவின் முட்டிவலி.
பிறகு சுகந்தகுமாரி,
சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில்:
'அந்த ஆளு கையில என்ன இருந்துச்சு?'

எந்த விசாரணையிலும் இந்தக் கேள்வி இல்லை.
'ஹெல்மெட்' என்றேன்.
யாரும் பாவம் என்று சொல்லவில்லை.
விதி என்றும் சொல்லவில்லை.

'எனக்கு டிபன் கேரியர்' என்றார் ஹயாத் பாஷா.
'எனக்கு குடை. அன்னிக்கு மழைகூட இல்ல' என்றாள் அவள்.
ஜெபசிங் ஒன்றும் பேசவில்லை.
பதினோரு வருஷமாக அப்படித்தான் வருகிறாராம்.

மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது.
சத்தம் அடங்கியதும் தணிகாசலம்
என் டம்ளரைக் காட்டினார்.
'டீ ஆறிப்போச்சு. கைய எடு.
வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு.'
அப்போதுதான் பார்த்தேன்:
வலது கை
டம்ளரைப் பெஞ்சோடு வைத்து
அழுத்திக்கொண்டிருந்தது, கட்டைவிரல் வெளுக்க.
அவர் கையையும் பார்த்தேன்.
அது பெஞ்சின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
பழவந்தாங்கல் தாண்டும்போது
இன்னும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.
ஹெல்மெட் பரணில்தான் இருக்கிறது.
மகன் வேறொன்று வாங்கி
பைக்கிலேயே பூட்டி வைக்கிறான்,
எதற்கென்று கேட்காமல்.

ஆனால் எதிர்த் தண்டவாளத்தில்
சுகந்தகுமாரி வருகிற நாட்களில்
ஹெட்லைட் ஒருமுறை தாழ்ந்து ஏறுகிறது.
ரூல் புத்தகத்தில் இல்லாத சிக்னல் அது.
நானும் தாழ்த்தி ஏற்றுகிறேன்.
அதை வைத்துக்கொண்டு
மாம்பலம் வரை போய்விட முடிகிறது.

போன புதன்கிழமை,
தணிகாசலம் ரோஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்த நடுவில்,
ஜெபசிங் பன்னைக் கீழே வைத்தார்.
'பால் பாக்கெட்' என்றார்.
'ரெண்டு.'

கடைக்காரர் ரேடியோவைத் தணித்தார்.
சுகந்தகுமாரி
இன்னொரு டீ சொன்னாள்.