தலை எண்ணிக்கை

எண்ணெய்க்காரன் காசு கேட்டான்.
இனிக் கடன் இல்லையாம், கையில் காசு வேணுமாம்.
கப்டன் வெயிலுக்குள் இறங்கிப் போய்
தன் சொந்தக் கார்டை நீட்டியதை
ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.
என் கையில் நூற்றெழுபத்திநாலு.

அது ஏறியிருந்த சனத்தின் தொகை.
பெருவிரலால் அமத்தினால் ஒன்று கூடும்
சின்ன இரும்பு மிசின் என்னிடம் இருந்தது.
நாங்கள் மலிவுக் கம்பனி.
தண்ணிக்கு விலை, போர்வைக்கு விலை,
கால் நீட்டும் இடத்துக்குத் தனி விலை.
என் சிரிப்பு மட்டும் ரிக்கற்றுக்குள் அடக்கம்.

கார்டு வேலை செய்யவில்லை.

புகை வந்தால் என்ன சொல்வது,
கடலில் இறங்கினால் என்ன சொல்வது,
மூன்று மொழியில் மனப்பாடம்.
கம்பனி முடிந்தால் சொல்ல வேண்டியது
எந்தப் பக்கத்திலும் இல்லை.
மரிசெல் ஒலிவாங்கியை எடுத்தாள். வைத்தாள்.
பிறகு எடுத்து, "சிறு தாமதம்" என்றாள்.
பூட்டியிருந்த தண்ணிப் போத்தல்களை
அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சும்மா கொடுத்தோம்.

அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர் கத்தினோம்.
அடுத்த கிழமை நாற்பது பேர்.
பிறகு ஒருத்தி மட்டும்:
கறுப்புச் சப்பாத்து, ஆறாம் இலக்கம், விற்பனைக்கு.

மாங்குளத்தில் இறங்கி
மல்லாவி பஸ்ஸில் சில்லுப் பெட்டியோடு ஏறினேன்.
கொண்டக்டர் பெட்டிக்கும் காசு வாங்கினான்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குப் புரியவில்லை.
ஒரு பக்கத் தார் முழுக்க நெல் காய்ந்தது.
பஸ் மற்றப் பக்கத்தால் மெதுவாக நகர்ந்தது.

லோயரிடமிருந்து படிவம் வந்தது.
மூன்று மாதச் சம்பளம், யூனிபோமுக்குப் பிடித்த காசு.
ஈடில்லாக் கடன் கொடுத்தோர், இலக்கம் 1143.
நான் கடன் கொடுத்தவளாம்.
வாசித்துக் காட்ட அம்மா
அரிசி புடைக்கிறதை நிப்பாட்டினா.

பயிற்சிக்கு மூன்றரை லட்சம்.
அம்மாவின் பெயரில் கிழமைக் கடன்,
பிணை நின்றது நாலு பெண்கள்:
பூமணி, தவமலர், யோகாம்பிகை, சாவித்திரி.
ஒன்பது மாதம் வானத்திலிருந்து கட்டினேன்.
பிறகு அவர்கள் தரையிலிருந்து கட்டினார்கள்.
தவமலரின் இரண்டு ஆடுகள் போயின.
யோகாம்பிகையின் தண்ணி மோட்டர் அடகில்.
ஒருவரும் ஏசவில்லை.
பூமணி அக்கா மட்டும் கேட்டா,
"உவ்வளவு பெரிய பிளேன்
எண்ணெய்க்குக் காசில்லாமல் என்னெண்டு பிள்ளை நிண்டது?"
படிவத்தில் இவர்களுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் நாலு பேரையும் எழுதினேன்.
லோயர் எந்த நாட்டில் இருக்கிறாரோ,
தமிழ் வாசிக்க ஆளைப் பிடிக்கட்டும்.

வேலை கிடைத்த அன்று
அம்மா சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை.
"உள்ளுக்கு எத்தனை பேரெண்டு
எண்ணித்தானே கதவு பூட்டுவீங்கள்?" என்றா.
அவவும் எண்ணியவ.
பங்கருக்குள் இருட்டில்,
மேலே சத்தம் போய் முடிந்த பிறகு
ஒவ்வொரு தலையாகத் தடவி.
கடைசித் தரம் எத்தனை வந்ததென்று
இன்றுவரை சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை, முன்பள்ளி மண்டபம்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
லோன் பொடியன் குட்டிக் கதிரையில் இருந்தான்.
ஐந்து பேரும் வராமல் புத்தகம் திறக்கேலாதாம்.
மிசின் என் சட்டைப் பையில் கிடந்தது.
கம்பனிச் சாமான்; திருப்பிக் கொடுக்கச் சொல்லி
கேட்க அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை.
விரலால் அமத்தினேன்.
அம்மா. பூமணி. யோகாம்பிகை. தவமலர்.

தொகை பிழைத்தால்
வால் பக்கத்திலிருந்து திரும்ப எண்ண வேணும்.
அது சட்டம்.
தவமலர். யோகாம்பிகை. பூமணி. அம்மா.

சாவித்திரி அக்காவின் போன் வேலை செய்யவில்லை.
பொடியன் மணியைப் பார்த்தான்.
நான் எழும்பிப் போய்க் கதவடியில் நின்றேன்,
பூட்ட விடாமல்.