இரண்டு கொப்பி

ஐந்து சந்தியில், சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை.
வியாழன் மூன்றரைக்குப் பிளாஸ்டிக் கதிரை ஏழு போடுவேன்.
எட்டாவதற்குக் கால் வெடிப்பு; அதில் நான்.

முதல் மாதம் முழுக்க ஒரே சண்டை:
விளக்கேற்றித் தொடங்குவதா, கூடாதா.
கடைசியில் கேத்திலை வைத்துத் தொடங்கினோம்.
பிளேன்டீ, கடிக்கப் பனங்கட்டி.

என் வேலைக்கு ஊரில் இன்னும் பெயரில்லை.
ஃபாதர் கவுன்சிலர் என்பார், ஐயர் அந்தப் பிள்ளை என்பார்,
மௌலவி சிரித்துவிட்டு மிஸ் என்பார்.
சான்றிதழில் பொன்னெழுத்து: ஆன்மீக வழித்துணை.
அந்தச் சொல்லின் பிற்பாதிக்கு மட்டுந்தான் நான் பொறுப்பு.

அன்றைக்கு எமில்டா கேட்டாள்:
"நவம்பர் ரெண்டுக்குக் கோயிலிலை பெயர் எழுதுகினம், மிஸ்.
செத்தவைக்கு ஒரு கொப்பி.
சுகத்துக்கு மன்றாட வேறை கொப்பி.
என்ரை மகனை எதிலை எழுத?"

தேத்தண்ணி ஆறியது.
லோஜிதை தன் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள், இருக்கிறதா என்று.
பதினாறு ஆடியமாவாசைக்கும்
மகனைக் கீரிமலைக்குப் போகவிடாதவள்.

திரவியநாதர் எழும்பினார்.
"எனக்கு ஆறுதல் வேண்டாம். விலாசம் தாங்கோ."
படி இறங்கும் சத்தம். பிறகு கீழே
யாரோ காற்றடிக்கும் சத்தம்.

என் பையில் மூன்று வேதத்திலிருந்தும்
இதற்கென்று எழுதிவைத்த வசனங்கள் இருந்தன.
எடுக்க வெட்கமாயிருந்தது.

ஜுனைதீன்,
பனங்கட்டி போதாது என்பதைத் தவிர
இதுவரை எதுவும் பேசாதவர், சொன்னார்:
"புத்தளத்திலை இருந்து இருபது வருசம்
சோனகத்தெரு வீட்டுக்குத் துஆக் கேட்டனாங்கள்.
கூரை இருக்கோ, சுவர் இருக்கோ, தெரியாது.
இருக்கெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை.
வீடு எண்டு மட்டும் சொன்னம்."

"வந்து பாத்தா?" என்றாள் லோஜிதை.

"கிணறு இருந்திச்சு."

கன நேரத்துக்குப் பிறகு எமில்டா,
"ரெண்டிலையும் எழுதுறன். பென்சில் இருக்கோ மிஸ்?"

தேடினேன். பேனைகள்தான் இருந்தன.
இறங்கிப் போனேன்.
திரவியநாதர் இன்னும் அங்கேதான்,
கல்லாய் இறுகிவிட்ட டயருக்குக் காற்றடித்துக்கொண்டு.
என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கடைக்காரப் பெடியன் காதில் செருகியிருந்ததை உருவித் தந்தான்.
அரை விரல் நீளம். கிறீஸ் பிசுக்கு.
பாவாடையில் துடைத்துக்கொண்டு
படி ஏறினேன்.