எப்போதும் இதைக் கொண்டே திற

கிளைபேடா துறைமுகம், நான்காம் வாயில்.
லாரியை ஏற்றி நிறுத்தி நிறுக்கும் மேடை.
பக்கத்தில் தகரக் கூண்டு,
கூண்டுக்குள் ஒரு கணினி,
என் வயதில் பாதி அதற்கு.

இரவெல்லாம் அது கணக்கெழுதும்.
ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் ஒரு தேதி,
தேதிக்குப் பின் புள்ளி,
புள்ளிக்குப் பின் மூன்றெழுத்து வால்.
உலகில் வேறெந்தப் பிராணியும்
வளர்க்காத வால்.
அதைச் செய்து விற்ற கம்பெனி
என்றைக்கோ கடையைக் கட்டிவிட்டது.

கணக்குப் பிரிவு ஸ்கிர்மன்தேவுக்கு
கோதுமை லாரி ஒன்றின் எடை
அன்றே தேவைப்பட்டது.
இருமுறை சொடுக்கினாள்.
"இதை எதைக் கொண்டு திறப்பது?"
திரை அவளையே கேட்டது.

(நான் அப்போது அங்கே இல்லை.
இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.)

பட்டியலில் தெரிந்த முகம் ஒன்றுதான்,
கடிதம் எழுதும் செயலி.
அதைத் தொட்டாள்.
அடியில் ஒரு குட்டிக் கட்டம்:
எப்போதும் இதைக் கொண்டே திற.
அதில் ஏற்கெனவே குறி விழுந்திருந்தது.
எப்போதும் என்பதை
கல்யாணத்தில்கூட நாங்கள்
எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறோம்.

ஒரே நொடி.
பதினோரு வருட ஃபைல்கள்
வரிசையாக நீலச் சட்டை மாட்டிக்கொண்டன.

திறந்தால்
கட்டம் கட்டம், கேள்விக்குறி,
கொம்பு முளைத்த எழுத்து,
பல்லி நடந்த மாவு மாதிரி ஒரு பக்கம்.
அதன் நடுவே, சுத்தமான லித்துவேனிய மொழியில்:

"வண்டி காலி. ஓட்டுநர் தூங்குகிறார். எழுப்பவில்லை."

இன்னும் கீழே:
"கூரையில் பனி. எடையில் சேர்த்தால்
கடவுள் யாருக்குப் பில் போடுவார்?"

இரவுக் காவலில் நிறுப்பவர் வீதெனிஸ்.
குறிப்பு என்றொரு பத்தி
அந்த எடைச் செயலியில் இருந்ததும்
அவர் அதை நிரப்பிவந்ததும்
யாருக்கும் தெரியாது.
எழுத இடம் கொடுத்த செயலி
காட்ட இடம் வைக்கவில்லை.
தப்பான செயலிதான் காட்டியது.

ஸ்கிர்மன்தே மதியச் சாப்பாட்டை மறந்தாள்.
பிப்ரவரியைப் படித்தாள், அதற்கு முந்தைய பிப்ரவரியை.
"இன்று என் பிறந்தநாள். முதல் வண்டி: பன்றித் தீவனம்."
கடைசியில் அன்றைய ஃபைலுக்கு வந்தாள்.
பனி என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
பள்ளிக்கூட ஆசிரியையின் மகள் அவள்.
கை சும்மா இருக்கவில்லை.
எழுத்தைச் சேர்த்தாள்.
சேமித்தாள்.

ஓர் எழுத்து உள்ளே நுழைந்தால்
பின்னால் நிற்கும் எண்கள் எல்லாம்
ஒரு காலடி தள்ளித்தானே நிற்கும்?
அடுத்து மேடை ஏறிய மர லாரியின் எடை
முன்னூறு கிராம்.
அதற்கடுத்தது
லாட்வியாவையே ஏற்றி வந்ததாகச் சொன்னது தராசு.
அதற்குப் பின் தராசு எதுவும் சொல்லவில்லை.
கப்பல் சாலைவரை நாற்பது வண்டி.
நாற்பது ஹாரன்.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

காப்புப் பிரதியிலிருந்து ஃபைலை மீட்டேன்.
குறியை எடுத்தேன், நீலச் சட்டைகளைக் கழற்றினேன்.
ஃபைல்கள் மறுபடி
வெள்ளைத்தாள் முகத்தோடு ஊமையாயின.
அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
"பிரதி எடுத்துப் படிக்கலாமா?" என்றாள்.
விதியில் இல்லை என்றேன்.
வீட்டுக்குப் போய்
என் கணினியில் ஒரு பிரதி வைத்து
அதே கேள்விக்கு அதே பதிலைத் தொட்டேன்,
அந்தக் கட்டத்தில் குறியோடு.

விஷயம் வீதெனிஸ் காதுக்கு எப்படிப் போனதோ.
ஒரு வாரம் குறிப்புப் பத்தி காலி.
எட்டாம் இரவு,
கொம்பெழுத்துகளுக்கும் கட்டங்களுக்கும் நடுவே:

"பனியைத் திருத்த வேண்டாம், அம்மணி.
நான் அப்படித்தான் எழுதுவேன்.
வண்டி காலி. பதினாலாயிரத்து இருநூறு கிலோ,
ஓட்டுநரையும் அவர் நாயையும் சேர்த்து."