மாரி வகுப்பு

கார்த்திகையில் கடல் ஒருவரையும் கூப்பிடாது.
சாம்பல்தீவுக் கரையில் படகுகள் குப்புறக் கிடக்கும்.
எஞ்சின் தூக்கிவர ஆளில்லை.
தை முடியும்வரை
ஸ்பனருக்கும் எனக்கும் லீவு.

அதனால்தான் ஏகாம்பரம் வீதியில்
பார்மசிக்கு மேல்மாடியில்
ஏ.எல். முடித்த பிள்ளைகளுக்கு நடுவே
நாற்பத்தேழு வயதில் வந்து குந்தியிருக்கிறேன்.
சவர்க்காரம் போட்டுக் கை கழுவித்தான் வந்தேன்.
ஆனாலும் என்டர் விசையில்
ஒரு விரல் அடையாளம்,
கறுப்பாய்.

அஸ்மியா ரீச்சருக்கு இருபத்துமூன்று.
அண்ணா என்பதா அங்கிள் என்பதா என்று
முதல்நாள் தடுமாறி
கடைசியில் "மிஸ்டர் கிருபைராசா" என்றாள்.
கடன் தந்த வங்கிகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

திறந்ததை மூட வேண்டும் என்றாள்.
இதை எனக்கா சொல்வது?
காபரேட்டரைத் திறந்தவன்
மூடாமல் படுத்தால் நித்திரை வருமா?
இருந்தும் அன்றே
தலைப்பைத் திறந்துவிட்டு மூட மறந்தேன்.
விலைப்பட்டியல், போன் இலக்கம்,
ஞாயிறு கடை பூட்டு,
எல்லாம் தடித்த எழுத்தில் ஒன்றாகக் கத்தின,
விடியப்புற மீன் ஏலம் மாதிரி.
ஒரு சாய்கோடு போட்டேன்.
ஏலம் கலைந்தது.

பெட்டிகள்தான் எல்லாமே என்றாள் இரண்டாம் கிழமை.
பெட்டிக்குள் பெட்டி,
உள்ளே விடும் இடம் பேடிங்,
வெளியே விடும் இடம் மாஜின்.
பிள்ளைகள் முழித்தார்கள்.
நான் சொன்னேன்:
கன்னியாவில் ஏழு கிணறு இருக்கல்லோ.
தண்ணிக்கும் கட்டுக்கும் நடுவில இருக்கிறது பேடிங்.
கிணத்துக்கும் கிணத்துக்கும் நடுவில
நாங்கள் வாளியோட நடக்கிறது மாஜின்.
ரீச்சர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.
அன்றைக்கு வீட்டில்
எனக்கு இரண்டு தரம் சோறு விழுந்தது.

பிறகு கரண்ட் போனது.
சேமிக்கவில்லை.
மூன்று மணித்தியால வேலை
இருட்டில் கரைந்தது.
கீழே மழைக்கு ஒதுங்கிய புள்ளிமான் ஒன்று
பார்மசி வாசலில் நின்று
மருந்துப் பெட்டி மட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.
அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

கடைசி மேசையில் தர்மினி.
கண் தெரியாது. காதில் வயர்.
இயந்திரம் அவளுக்கு வாசிக்கிற வேகத்தில்
என்னால் மூச்சுக்கூட விட முடியாது.
என் பக்கத்தைத் திறந்து கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"அங்கிள், உங்கட பக்கம் ஊமை."

கேட்டேன். உண்மைதான்.
போன் இலக்கத்தை ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னது.
தமிழ் வந்த இடமெல்லாம் வாயே திறக்கவில்லை.
"எந்த மொழி எண்டு நீங்க சொல்லேல்ல.
அதுக்கு எப்பிடித் தெரியும்?"

பக்கத்தின் உச்சியில்
தமிழ் என்பதற்கு இரண்டே எழுத்து.
போட்டேன்.
கிருபைராசா எஞ்சின் திருத்தகம், சாம்பல்தீவு
என்றது ஒரு பெண்குரல்,
என் பெயரில் ஒரு எழுத்தையும் கடிக்காமல்.

"படம் ஒண்டு இருக்கு.
ஐ எம் ஜி நாலு ஒண்டு ஏழு எண்டுது.
என்ன அது?"
படத்தில் என்ன என்று
படம் எடுத்த நானே அதுவரை பார்க்கவில்லை.
எழுதினேன்:
நாற்பது குதிரை எஞ்சின்.
மூடி கழற்றியிருக்கிறது.
பக்கத்தில் ஒரு கை.

"ஆற்ற கை?"

அழித்து, திரும்ப எழுதினேன்:
திருத்துகிறவரின் கை.
நகத்துக்குள் கிறீஸ்.
பெருவிரலில் பழைய வெட்டு,
புரொப்பெல்லர் பட்டது,
வாகரைக்குப் போன வருசம்.

வயரைக் காதில் சரிசெய்து
கடைசிவரை கேட்டாள்.
"நீளம் கூடிப்போச்சு" என்றாள்,
"ஆனா விடுங்கோ."