முப்பது மில்லி

முதலாளி சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரம்
தராசு எனக்கு.
நீடாமங்கலம் கடைத்தெருவில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
நகை நிறுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள்
பழைய அடகுச் சீட்டொன்றை மடித்து வைத்து
நைட்ரேட்டைத் தட்டுகிறேன்.
ஐந்து கிராம்.
கூடினால் நகக்கண்ணால் ஒதுக்குவேன்,
திருகாணி ஒதுக்கிப் பழகிய நகம்.

எதிர்க்கடை உரக்காரர் ஞானப்பிரகாசம்
முதல்நாள் கேட்டார்: எத்தனை மா?
ரெண்டடிக்கு ஒண்ணேகால் அடி என்றேன்.
நெல்லா, உளுந்தா?
கண்ணாடித் தொட்டிங்க, தண்ணிக்குள்ள செடி.
சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு,
யூரியா பக்கமே போகாதே, மீன் மிதந்துரும் என்றார்.
பதிமூணு-பூஜ்யம்-நாற்பத்தஞ்சு ஒரு பாக்கெட்,
இலைக்குத் தெளிக்கிற இரும்புத் தூள்,
எப்சம் உப்பு கால் கிலோ.
ஆன்லைனில் ஒரு சாண் புட்டிக்கு
அறுநூறு ரூபாய் கேட்டது இதற்குத்தான்.

பாஸ்பேட்டுக்குத் தனிப் புட்டி வேண்டும்.
இரும்போடு சேர்ந்தால் கலங்கிவிடும்.
அது தெரியாமல் ஒரு லிட்டரை வாஷ்பேசினுக்கு வார்த்தேன்.
அடுத்த தடவை கை தாராளமாகி
பத்தே நாளில் தொட்டி பூராவும் பச்சை,
மீன் எங்கே என்று டார்ச் அடித்துத் தேடினேன்.
வேருக்கென்று, மூணாறு தலைப்புக்குக் கீழே
கோரையாற்று வண்டலை அள்ளிவந்து
சிட்டிகை உரம் உள்ளே வைத்துச்
சுண்டைக்காய் அளவு உருட்டி
மாடியில் காயப்போட்டேன்.
சர்க்கரைக்கா, மூட்டுவலிக்கா என்றாள்
கீழ்வீட்டு ஹமீதா.

இன்று மெக்னீசியம் பாதியில்
ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள்.
குனிந்து வந்தாள் பூவனூர் செங்கமலம்.
மேலுரம் போடணும்,
திருப்பூர்ல இருந்து அவரு இன்னும் அனுப்பலை
என்று சொல்லிக்கொண்டே இடது காதைத் திருகினாள்.
வலது காது கொஞ்சம் நேரம் எடுத்தது.

டப்பாவை மேசைக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தால்
காலித் தட்டு 0.030 காட்டுகிறது.
ஜீரோவை அழுத்த வேண்டும். அதுதான் வேலை.
அரக்கு, அழுக்கு என்று
ஜோடிக்கு இருநூறு மில்லி கழிப்பது கடை வழக்கம்,
ஒரு நாளும் தவறியதில்லை நான்.
தோடுகளை வைத்தேன்.
மூன்று கிராம் தொள்ளாயிரத்துப் பத்து.
அப்படியே எழுதினேன்.

இனிஷியலோடு முழுப்பெயரும் கையெழுத்திட்டாள்.
பணத்தை எண்ணும்போது என் போன் ஒளிர்ந்தது,
திரையில் என் தொட்டி.
முன்வரிசையில் நுனி சிவந்த ரோட்டாலா,
சென்னையிலிருந்து ஈரத்துணி சுற்றிக் கூரியரில் வந்தது,
கொத்து நூற்றிருபது.

இது எங்க வயல் களையாச்சே!
போன வாரம்தான் நாலு ஆளு வெச்சுப் பிடுங்குனோம்,
தலைக்கு முன்னூறு.
இதுக்கா கண்ணாடிப் பொட்டி?

உரமும் போடுறேன் என்றேன்.

போடாமலே வளருமே தம்பி,
போட்டதைத் திங்குறதே அதுதானே.
எண்ணிய நோட்டை மறந்து
முதலிலிருந்து எண்ணினாள்.
பிறகு மூலையில் இருந்த விளக்குமாற்றில்
ஒரு ஈர்க்கு உருவி, இரண்டாய் ஒடித்து
ஓட்டை தூராதிருக்கக் காதுகளில் செருகிக்கொண்டு
தெருவைக் கடந்தாள்.

முதலாளி பல்குத்திக்கொண்டே வந்தார்.
லெட்ஜரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
கழிவு பாத்தியா?
பார்த்தேன்.
தட்டைத் துடைத்தேன்,
துணியில் வெள்ளையாய்க் கொஞ்சம்.

எதிரே, ஞானப்பிரகாசத்தின் மெஷின்
ரேகை விழலை, விழலை என்கிறது.
செங்கமலம் கட்டைவிரலைச் சேலையில் துடைத்து
நான்காவது தடவையாக வைக்கிறாள்.