பதினோரு கிலோமீட்டர் தள்ளி

கைப்பேசியில் எங்கள் ஊரைத் தேடினால்
மன்னார்குடி வெயிலைக் காட்டுகிறது.
நூற்றுப் பன்னிரண்டு வீடு,
ஒரு ரேஷன் கடை, ஒரு நெல் கொள்முதல் நிலையம்,
என் ஜெராக்ஸ் மெஷின்.
இதற்குத் தனியாக ஒரு வானமா என்று
எங்கோ யாரோ நினைத்திருக்க வேண்டும்.

வானம்தான் இங்கே அதிகம்.
மறைக்க ஒரு மேடு கிடையாது.
கச்சான் அடித்தால் சோற்றில் புழுதி,
கொண்டல் திரும்பினால்
கதவுக் கொண்டியில் உப்பு.
சித்திரையில் வெடித்த வயலுக்குள்
நாடிமுத்துவின் சைக்கிள் சாவி விழுந்தது.
தண்ணீர் வரட்டும் என்றிருந்தார்.
வந்த தண்ணீரில் தேட முடியவில்லை.

கடைசி பஸ்
இருபது நிமிடம் முன்பே தெரிந்துவிடும்.
மழையும் அப்படித்தான்,
தெற்குக் கோட்டகத்தில் அது கால் வைத்த பிறகு
கொடியில் துணி எடுத்தால் போதும்.

இந்தத் தையில்
அறுப்புக்கு நான்கு நாள் இருக்க,
ராத்திரி ஒன்றரைக்கு
அது நடந்து வரவில்லை.
தலைக்கு மேலேயே நின்றிருந்து விழுந்தது.
விடிந்தபோது சம்பா முழுக்க
ஒரே பக்கம் திரும்பிப் படுத்திருந்தது,
எங்களோடு பேச்சில்லை என்பதுபோல்.

மழைமானி இருப்பது பிர்க்கா ஆபீசில்.
அங்கே மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
காப்பீட்டுக்காரர் தாளைப் புரட்டினார்.
"உங்க ஊர்ல மழையே இல்லையேம்மா."
அவர் செருப்பில்
கணுக்கால் வரை எங்கள் சேறு.

மறுநாள் ஜெகபர் நாச்சியா
பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
அன்றிரவு முற்றத்தில் கிடந்த வாளி.
கொட்டாமல் தாம்பாளம் போட்டு மூடியிருந்தார்.
"இதையும் ஒரு ஜெராக்ஸ் எடு,
ரெண்டு காப்பியா."
மூடியைத் திறந்தேன்.
ஒரு வைக்கோல், ஈசல் இறகு,
என் கடை டியூப்லைட்.
சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்கும்.
பிறகு வரவில்லை.

வாளி இப்போது கடை வாசலில்.
காலை எட்டரைக்கு
பள்ளிக்கூட ஸ்கேலை விட்டு அளந்து
ரசீது புத்தகத்தின் பின்பக்கம் எழுதுகிறேன்.
யாரும் கேட்கவில்லை.

மாசி 20. இல்லை.
மாசி 21. இல்லை.
மாசி 22. பனி, வாளியின் வெளிப்பக்கம் மட்டும்.
பங்குனி 3. தூறல். ஸ்கேலில் ஒட்டவில்லை.
பங்குனி 9. இல்லை.
உளுந்து பிடுங்கும்போது நாடிமுத்துவின் சாவி கிடைத்தது.
துரு.
சைக்கிளை விற்று ஆறு மாதம்.